வீணான டோஸ் ஒன்று

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது அல்ல என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட ஆசைப்பட்டு அப்படித்தான் எழுதினேன். என் மனைவி அகிலாண்டம் படித்துவிட்டு, "ஏன்னா, விழா மலர்ல பதினொண்ணாம் பக்கத்துல யார் பேர் போட்டிருக்கு?" என்று கேட்டாள். அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். ஆக, பொய்யில் பாதி என்னுடையது. மீதிப் பாதி காரைமேட்டுப்பதி பஞ்சாயத்துடையது. (அப்படி ஒரு பஞ்சாயத்தை வரைபடத்தில் தேட வேண்டாம். கேரளத்தில், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குக் கொஞ்சம் இப்பால், தென்னந்தோப்புகளுக்கு நடுவே நானே ஒன்றைச் செய்து வைத்திருக்கிறேன்.)

என் பெயர் வெங்கிடாசலம். கல்பாத்தியில் பிறந்தவன், பிளாக் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன், இரண்டு சிறுகதைத் தொகுதிகள் போட்டவன். நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள், யாரும் படிக்கவில்லை. அகிலாண்டத்தின் அப்பா விட்டுப்போன வீடு காரைமேட்டுப்பதியில் இருந்ததால் கொரோனாக் காலத்தில் அங்கே ஒதுங்கினோம். இரண்டு மொழியும் தெரிந்த, வேலையில்லாத ஒருவன் ஊரில் இருப்பதைப் பஞ்சாயத்து மோப்பம் பிடித்துவிட்டது. மலையாளத்தில் வரும் சுகாதார அறிவிப்புகளைத் தமிழாக்கி வார்டு வாட்ஸப் குழுக்களுக்கு அனுப்புகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதல் நாளே சறுக்கினேன். மலையாளத்தில் 'இளவு' என்றால் தளர்வு. அந்தச் சொல்லை அப்படியே தட்டினேன். செல்போன் தன் பங்குக்கு ஓர் எழுத்தைத் திருத்தியது. "திங்கள் முதல் கூடுதல் இழவுகள்" என்று ஊர் முழுக்கச் செய்தி போயிற்று. ஒரு மணி நேரத்துக்குள் மூன்று பேர் கூப்பிட்டு, "யாருங்க, எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?" என்று விசாரித்தார்கள். மன்னிப்புக் கேட்டு மறு அறிவிப்புப் போட்டேன். அந்த மாதம் போன உயிர்களை நினைத்தால், செல்போன் சொன்னதுதான் சரியாக இருந்தது.

2

அந்த நாட்களின் விதிகள் மறந்து போயிருந்தால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்து உண்டு. ஏ என்றால் கடை திறக்கலாம். டி என்றால் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்க வேண்டும். எழுத்து வாரா வாரம் மாறும். பிறகு எழுத்துகள் போய்ப் புது உத்தரவு வந்தது: கடைக்குள் நுழையத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். பச்சை மிளகாய் வாங்க ஊசி கட்டாயம். ஊசி போடுவதற்காக ஐந்நூறு பேர் ஒருவர் முதுகில் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பதற்கு மட்டும் எதுவும் கட்டாயமில்லை.

2021 செப்டம்பரில் காரைமேட்டுப்பதி நூறு சதவீதத்தைத் தொட்டது.*

*நூறு என்றால் தகுதியுள்ளவர்களில் நூறு. தகுதியுள்ளவர்கள் என்றால், மொத்தப் பேரிலிருந்து வர மறுத்தவர்களையும் இரண்டாவதுக்கு இன்னும் நாள் ஆகாதவர்களையும் கழித்து மிஞ்சியவர்கள். இந்த முறையில் கணக்குப் பார்த்தால் என் தொகுதிகளையும் நூறு சதவீத வாசகர்கள் படித்திருக்கிறார்கள்.

விழா ஏற்பாடாயிற்று. மேடை, மலர், பொன்னாடை. வார்டு மெம்பர் பூபதிராஜா என்னைக் கூப்பிட்டார்.

"சாருங்க, கடைசியா ரெண்டாவது டோஸ் போட்டு நூறைத் தொட வெச்ச அம்மா நம்ம வார்டுதானுங்க. சின்னத்தாயி. அர்த்தநாரி அண்ணன் சம்சாரம். ஒரு எட்டுப் போயி, நாலு நல்ல வார்த்தை வாங்கி மலருக்கு எழுதிக் குடுங்க. மனசு நெறைஞ்சு பேசுனாப்புல இருக்கோணும்."

நான் போவதற்கு முன்பே கட்டுரையைத் தொடங்கிவிட்டேன். அனுபவசாலிகள் அப்படித்தான் செய்வார்கள்.

தென்றல் தவழும் காரைமேட்டுப்பதியின் பசுமைக்கு நடுவே ஒரு

(வேண்டாம்.)

பெருந்தொற்றை வென்று காட்டிய வீரப் பெண்மணி

(வென்றதாக இன்னும் தகவல் இல்லை.)

சின்னத்தாயிக்கு ஐம்பத்து நாலு வயது.

(இது நிற்கும். இதிலிருந்தே போவோம்.)

சின்னத்தாயிக்கு ஐம்பத்து நாலு வயது. இரண்டு ஏக்கர் தென்னை, ஓர் ஏக்கர் வயல், நாலு மாடு, அதிகம் பேசாத ஒரு கணவன். நான் போனபோது மாட்டுக் கொட்டத்தில் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். நான் நோட்டைத் திறந்து, "ரெண்டாவது ஊசி போட்டதும் எப்படி இருந்துதும்மா?" என்று கேட்டேன்.

அவள் கையைத் தவிட்டிலிருந்து எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு இன்னும் போடலீங்களே. போட்டதா நீங்கதான் எல்லாரும் சொல்லிட்டிருக்கறீங்க."

3

நடந்தது இது.

செப்டம்பர் இரண்டு, வியாழக்கிழமை. முதல் ஊசி போட்டு எண்பத்து நாலு நாள் முடிந்திருந்தது. காலையில் பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டுச் சின்னத்தாயி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். நாற்பத்தோராவது டோக்கன் கிடைத்தது. மதியம் வரை வெயிலில் நின்றாள். நாற்பதாவது ஆள் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்ததும் கதவு சாத்தப்பட்டது. மருந்து தீர்ந்துவிட்டது, அப்புறம் கூப்பிடுகிறோம் என்றார்கள்.

அவள் வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டு உட்காரும்போது செல்போனில் செய்தி வந்தது. அர்த்தநாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"வாழ்த்துகள். உனக்கு ரெண்டு டோசும் வெற்றிகரமாப் போட்டாச்சாமா."

"யாருக்குங்க?"

"உனக்குத்தான் போட்டிருக்குது. பேரு சரியாத்தான் இருக்குது."

சின்னத்தாயி தன் இடது தோளைத் தடவிப் பார்த்தாள். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று வலது தோளையும்.

மறுநாள் ஆஷா எனப்படும் கிராமச் சுகாதார ஊழியர் செல்வப்பிரியா தானாகவே வந்துவிட்டாள். அந்த வார்டில் காய்ச்சல் வந்த அத்தனை வீட்டுக்கும் மாத்திரையோடு ஏறி இறங்கிய பெண். வாசலிலேயே நின்று அழுகிற குரலில் சொன்னாள்:

"வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பட்டியல முடிச்சே ஆகோணும்னு மேல இருந்து ஒரே நெருக்கம்ங்கக்கா. அதனால நாப்பத்தோரு பேரையும் அன்னைக்குக் காலையிலயே ஏத்திப் போட்டுட்டேன். எப்பிடியும் வந்து போட்டுக்கப் போறாங்க தானேன்னு. நாப்பது பேருக்கு அது நெசமாயிருச்சு. உங்க ஒருத்தருக்குத்தான் பொய்யாப் போச்சு."

"செரி, அதுக்கெதுக்குக் கண்ணக் கசக்கற? ஊசியப் போட்டா எனக்கும் நெசமாயிருமல்லோ."

செல்வப்பிரியா கண்ணை இன்னும் கசக்கினாள். அதற்கான பதில் சுகாதார நிலையத்தில் இருந்தது.

4

சுகாதார ஆய்வாளர் ஜோபி இடுக்கிக்காரர், ஏலமலைப் பக்கம். எல்லைப் பகுதிக்கு மாற்றலாகி இரண்டு வருடத்தில் தமிழும் மலையாளமும் கலந்த ஒரு மொழியைத் தனக்காக உண்டாக்கி வைத்திருந்தார். கணினியைத் திருப்பிச் சின்னத்தாயிக்குக் காட்டினார்.

"நோக்கு சேச்சி. ரெண்டு டோசும் கழிஞ்சு. பச்சைக் கலர். நீங்க கம்ப்ளீட்."

சின்னத்தாயி இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டினாள்.

"எந்தக் கையிலீங்க போட்டீங்க?"

"சேச்சி, அது ஞான் எங்ஙனே பறயும்? சிஸ்டத்துல கை கேக்கறதில்ல."

"அப்ப இப்பப் போட்டு விடுங்க."

"இப்பப் போட்டா அது மூணாவது டோஸ். மூணாவதுக்கு உத்தரவில்ல."

"ரெண்டாவதே போடலீங்களே."

"போடலைன்னு தெளிவு வேணும், ப்ரூஃப். போட்ட ஆள் ஒப்பிட்டுத் தரணும்."

"போடாததுக்குப் போட்டவங்க எப்பிடிங்க கையெழுத்துப் போடுவாங்க?"

ஜோபி யோசித்தார். (இந்த இடத்தில் அவரை வில்லனாக்க ஒரு பத்தி எழுதினேன்: சுழலும் நாற்காலி, பல் குத்துகிற குச்சி, இளக்காரச் சிரிப்பு. கிழித்துவிட்டேன். அவர் நிஜமாகவே யோசித்தார், அந்த மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு.)

"அதும் ஒரு ப்ரஷ்னம்தான்" என்றார் கடைசியில். "ஞான் மாவட்டத்துக்கு எழுதறேன். அவங்க தலைநகருக்கு எழுதணும். அவங்க டெல்லிக்கு. மறுபடி வரும்போது மூணாவது டோசே வந்திருக்கும்."

அன்று மாலை மெம்பர் பூபதிராஜா அவளுடைய சான்றிதழைக் கலரில் எடுத்து, லேமினேட் பண்ணி, தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார்.

"இனி உங்கள யாரும் தடுக்க முடியாதுங்கக்கா. கடைக்குப் போலாம், கல்யாணத்துக்குப் போலாம், செக்போஸ்ட்டத் தாண்டிப் பொள்ளாச்சிக்கே போலாம். ஊரெல்லாம் காயிதத்துக்குத் தவம் கெடக்குது. உங்களுக்கு வலிக்காமயே கெடைச்சிருக்குது. அப்பறம் எதுக்குங்க ஊசி?"

5

எதற்கு ஊசி? இந்தக் கேள்வியை நானும் அவளிடம் கேட்டேன். கதாபாத்திரத்தின் மீது எனக்குச் சந்தேகம் வந்தது அங்கேதான். எல்லோரும் ஊசியில்லாமல் காகிதம் வேண்டும் என்கிற ஊரில், காகிதம் வேண்டாம் ஊசி வேண்டும் என்று ஒருத்தி நிற்பாளா? வாசகர் நம்புவாரா? கொள்கைப் பிடிப்பு, அறிவியல் மனப்பான்மை என்றெல்லாம் ஏதாவது காரணம் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்.

மகள் யோகப்பிரியாவை எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனைமலை அருகே கட்டிக்கொடுத்திருக்கிறது. நிறைமாசம். மாப்பிள்ளை கோகுல்நாத்துக்கு அம்மா இல்லை. தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர நினைத்த வாரம் எல்லையை இறுக்கிவிட்டார்கள். வளைகாப்பை வீடியோ காலில் நடத்தினார்கள். வளையல்கள் தீவன லாரியில் போயின. பிரசவத்துக்காவது அம்மா வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மகள் தினம் போன் செய்கிறாள். டாக்டர் பிரசவம் முடியட்டும் என்று சொன்னதால் அவள் இன்னும் ஊசி போட்டுக்கொள்ளவில்லை.

"அதுக்குத்தான் சர்டிபிகேட் இருக்கேம்மா. போகலாமே?"

சின்னத்தாயி மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீரைத் தள்ளி வைத்தாள்.

"எங்கண்ணன் நஞ்சப்பன் வைகாசியில செத்துப்போனது தெரியுமுங்களா?"

தெரியும். அந்த மாத அறிவிப்பில் ஓர் எண்ணாக அவரை நான் மொழிபெயர்த்திருந்தேன்.

தென்னையிலிருந்து விழுந்து கால் முறிந்து கிடந்தார் நஞ்சப்பன். அவர் மனைவிக்கும் முடியாமல் இருந்ததால் சின்னத்தாயிதான் தினம் தூக்குப்போசியில் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த வாரம் அவளுக்கு மேலெல்லாம் வலி, இலேசான காய்ச்சல். கடலை பிடுங்கின அசதி என்று நினைத்துக்கொண்டாள். ஒருநாள் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து புகையாக நின்றது. அர்த்தநாரி தோப்பிலிருந்து ஓடிவந்து, "பக்கத்துலயே உக்காந்திருக்கற, தீயற நாத்தம் அடிக்கலயா?" என்றார். அடிக்கவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. அன்றைக்கும் சோறு கொண்டுபோனாள். அண்ணனுக்கு வயிறு நிறைய ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு வந்தாள்.

பன்னிரண்டாம் நாள் அவர் போய்விட்டார். நெகிழிப் பையில் கட்டிக் கொண்டுபோனார்கள்.

"யாரும் எம்மேல ஒரு சொல்லுச் சொல்லலீங்க. எங்க அண்ணி இன்னைக்கும், மவராசி நீதான் கடைசியா அவருக்குச் சோறு ஊட்டுனேங்கறாங்க."

இந்த இடத்தில் சின்னத்தாயியை அழவைக்க மூன்று முறை முயன்றேன். முதல் வரைவில் அவள் முந்தானையால் முகத்தைப் பொத்துகிறாள். இரண்டாவதில் மாடு அவள் கையை நக்குகிறது. அகிலாண்டம் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்து, "அவ அழலேன்னா விட்டுடுங்கோளேன். உங்களுக்கு அழணும்னா நீங்க அழுங்கோ, யார் வேண்டாங்கறா?" என்றாள். உண்மையில் சின்னத்தாயி கையைக் கழுவினாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"காயிதம் என்னைத்தானுங்க தாண்ட விடும். எங்கூட வர்றதையும் சேத்தில்லீங்க தாண்ட விட்டுரும்?"

ஊசி போட்டுப் பதினாலு நாள் போனால்தான் பவர் வரும் என்று ஜோபி ஒருமுறை சொல்லியிருந்தார். அதை அவள் பிடித்துக்கொண்டாள். ஊசி, பதினாலு நாள், பிறகு மகள்.

6

முடிவு ஒன்று. இதை நான் ஏறக்குறைய முடித்துவிட்டேன்.

ஊசியில்லாமல் சான்றிதழ் கிடைத்த சேதி ஊரில் பரவியது. சின்னத்தாயி வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "யாரப் புடிச்சீங்க?" "என்ன சொல்லிக் கேட்டீங்க?" என்று குசுகுசுத்தார்கள். அவர்களில் ஒருவர் கள்ளுக்கடை பழனிச்சாமி. கடையைத் திறக்க அனுமதி வந்துவிட்டது. ஆனால் கடையில் நிற்பவர்களுக்கு ஊசி கட்டாயம். முப்பதடி தென்னையில் கயிறில்லாமல் ஏறுகிற மனிதர் ஊசியைக் கண்டால் மயங்கி விழுவார். அவர் மனைவி குருவம்மாள்தான் கடையில் கறி வறுக்கிறவள். அவளும் போட்டுக்கொள்ளவில்லை.

"ஏனுங்கக்கா, உங்களுக்கு ஊசி வேணும், காயிதம் இருக்குது. எங்கூட்டுக்காரிக்குக் காயிதம் வேணும், ஊசி வேண்டாம். அவ ஆதாரைத் தர்றேன். அவ பேருல நீங்க போட்டுக்குங்க. மாஸ்க் போட்டா எல்லா மூஞ்சியும் ஒண்ணுதானுங்க."

என்ன அழகான தீர்வு! எழுதினேன்: சின்னத்தாயியின் கையில் மருந்து ஏறுகிறது, குருவம்மாளின் செல்போனில் வாழ்த்து வருகிறது, பூபதிராஜாவின் நூறு அசையாமல் நிற்கிறது, அரசாங்கமும் குடிமக்களும் ஒருவரையொருவர் ஏமாற்றிச் சமன் செய்துகொள்

கெடுத்தவள் சின்னத்தாயி.

"உங்க கடைக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேருங்க வருவாங்க?" என்று பழனிச்சாமியைக் கேட்டாள்.

"ஞாயித்துக்கெழமைன்னா எறநூறு தாண்டுமுங்க."

"எறநூறு பேருக்கும் குருவம்மா கையாலதான் கறி. அவளுக்கு வந்து, அவளால ஒருத்தருக்குப் போயி, ஏதாவது ஆச்சுன்னா, உங்க ரெண்டு பேரையும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதத் தாங்கிக்குவீங்களா?"

பழனிச்சாமிக்குப் புரியவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து, கொண்டுவந்திருந்த ஆதாரைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

"சனிக்கெழமை விட்டுப்போனவங்களுக்குப் போடறாங்களாமா. ரெண்டு பேரும் வாங்க. பயமா இருந்தாக் கண்ண மூடிக்குங்க. நான் கையப் புடிச்சுக்கறேன்."

என் முடிவு போயிற்று. போட்டிக்கு அனுப்பலாம் என்றிருந்தேன்.

7

செப்டம்பர் பதினொன்று, சனிக்கிழமை.

ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். மிஞ்சினால் வீண். அந்தச் சுகாதார நிலையத்தின் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. "மருந்து வீணாக்கம்: பூஜ்யம்" என்று ஜனவரியிலிருந்து அழிக்கப்படாமல் நிற்கிறது. விழா மலரில் அதற்குத் தனிப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்.

அன்று ஒன்பது பேர் வந்தார்கள். பத்தாவது ஆள் வந்துவிடுவார் என்று பன்னிரண்டு மணிக்குக் குப்பியைத் திறந்தார்கள். பழனிச்சாமி, சின்னத்தாயியின் கையை இறுக்கிப் பிடித்தபடி, சாமி பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போட்டுக்கொண்டார். "முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டுவிட்டு, முடிந்தது என்று தெரிந்த பிறகு மயங்கினார். குருவம்மாள் அவருக்கு விசிறிக்கொண்டே, எட்டிப்பார்க்காமல் கையை நீட்டி முடித்துவிட்டாள்.

பத்தாவது ஆள் வரவில்லை. மூன்றரை மணிக்கு ஜோபி வெளியே போய்ச் சாலையில் நின்றார். தேங்காய் வண்டிக்காரரை நிறுத்தினார். போட்டாச்சு. பால் வேன். போட்டாச்சு. நூறு சதவீதத்தின் தொல்லை அது.

உள்ளே பெஞ்சில் சின்னத்தாயி உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் குப்பி. அதில் ஒரு டோஸ்.

செல்வப்பிரியா மெதுவாகச் சொன்னாள்: "சாருங்க, மேக்கால வீட்டு மருமவளுக்கு அடுத்த வாரம் ரெண்டாவது வருது. அந்தப் பேரப் போட்டுட்டு, சின்னத்தாயிக்காவுக்குப் போட்டுருவமுங்களா? யாருக்குத் தெரியப் போகுது?"

சின்னத்தாயிதான் பதில் சொன்னாள்.

"அப்பறம் அந்தப் புள்ள என்னாட்டமே வந்து ரெண்டு கையவும் நீட்டிட்டு நிக்கோணும். வேண்டாங் கண்ணு."

மணி மூன்றே முக்கால். மாவட்ட அலுவலகத்திலிருந்து அன்றைய எண்ணிக்கை கேட்டுப் போன் வந்தது. ஜோபி எடுத்தார். ஒரு விநாடி கரும்பலகை இருந்த பக்கம் பார்த்தார்.

"ஒன்பது சார். வேஸ்ட் ஒண்ணு."

எதிர்ப்புறத்தில் குரல் உயர்ந்தது, அறைக்குள் எல்லோருக்கும் கேட்கிற அளவுக்கு. எட்டு மாதப் பூஜ்யம், விழாவுக்கு நாலு நாள், மேலே என்ன பதில் சொல்வது. ஜோபி, "அதே சார்... அதே சார்" என்று ஆமாம் போட்டபடி இடது கையால் நர்ஸுக்குச் சாடை காட்டினார். நர்ஸ் குப்பியை எடுத்தாள். சின்னத்தாயி ரவிக்கைக் கையைச் சுருட்டினாள். வசவு நடந்துகொண்டிருக்கும்போதே ஊசி இறங்கியது.

"அதே சார். பாழாப் போச்சு சார். ஒண்ணு முழுவனும்."

போனை வைத்துவிட்டு ஜோபி பதிவேட்டில் எழுதினார்: வீணானது, ஒன்று. செல்வப்பிரியா வாசலுக்குப் போய்ச் சுண்ணக்கட்டியால் பூஜ்யத்தை ஒன்றாக்கினாள். அந்த வருடம் காரைமேட்டுப்பதியில் எழுதப்பட்ட எண்களில் பொய்க்கு மிக அருகில் இருந்ததும் உண்மைக்கு மிக அருகில் இருந்ததும் அந்த ஒன்றுதான் என்று ஒரு வாக்கியம் எழுதி வைத்திருக்கிறேன். கொஞ்சம் மிகை. இருக்கட்டும்.

"எங்கயும் எழுதலை சேச்சி" என்றார் ஜோபி. "நாளை நீங்களே போட்டோம்னு சொன்னாலும் ஞான் இல்லைன்னு பறயணும்."

"நான் எழுதிக்கறனுங்க."

வீட்டுக்கு வந்து, நாள்காட்டியில் பதினொன்றாம் தேதியைப் பென்சிலால் வட்டமிட்டு 'ஊசி' என்று எழுதினாள். சாயங்காலமே கை கனத்தது, மறுநாள் காய்ச்சல் அடித்தது. அர்த்தநாரி கஞ்சி வைத்துக் கொடுத்தார். அவ்வளவு சந்தோஷமாக ஒருத்தி காய்ச்சலில் கிடந்ததை அவர் பார்த்ததில்லை.

8

விழா நன்றாக நடந்தது. (விவரிக்க மாட்டேன். இது போன்ற விழா ஒன்றுக்காவது நீங்கள் போயிருப்பீர்கள்.) சின்னத்தாயியை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பூபதிராஜா மைக்கை நீட்டி, "ரெண்டு வார்த்தை" என்றார்.

இங்கே எனக்கு ஒரு கனவு இருந்தது. அவள் மைக்கைப் பிடித்து உண்மையைப் போட்டு உடைக்கிறாள், கூட்டம் திகைக்கிறது, மாலைகள் சரிகின்றன. நாலு பக்கம் எழுதினேன். என் எழுத்து வாழ்க்கையிலேயே நன்றாக வந்த நாலு பக்கம். அவள் மைக்கில் சொன்னது, "எல்லாரும் ஊசி போட்டுக்குங்க. நெசமாலுமே போட்டுக்குங்க." கூட்டம் கைதட்டியது.

பிறகு நான் கேட்டதற்கு, "ஜோபி சாருக்கு அந்த ஒண்ணுக்கே மெமோ வந்திருக்குதுங்க. நான் வாயத் தொறந்தா மெம்பருக்கா கேடு? அவருக்கும் செல்வப்பிரியாளுக்குந்தான்" என்றாள்.

அவளுக்குக் காரணம் இருந்தது. எனக்கு என்ன காரணம்? விழா மலர் பதினொன்றாம் பக்கத்தில் என் கட்டுரை வந்திருக்கிறது. அதில் சின்னத்தாயி ஊசி போட்டதும் புன்னகைக்கிறாள். "எறும்பு கடித்தது போலத்தான் இருந்தது" என்கிறாள். செப்டம்பர் இரண்டாம் தேதியில். எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். நல்ல ஜரிகை.

9

காகிதத்தின் கணக்கில் அவளுடைய பதினாலு நாள் பதினாறாம் தேதியே முடிந்துவிட்டது. மறுநாளே மெம்பர், "இன்னும் பொறப்படலீங்களா?" என்று கேட்டார். மாப்பிள்ளை கோகுல்நாத்தும் கேட்டார். சின்னத்தாயி பென்சில் வட்டத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தாள். இதை யாருக்கும் விளக்க முடியவில்லை. மகளுக்குக்கூட.

இருபத்தொன்றாம் தேதி காலை யோகப்பிரியாவுக்கு வலி எடுத்தது. போனில் மூச்சு வாங்க, "அம்மா, வரியா இல்லியா? ஒரே ஒரு வார்த்தை சொல்லிரு" என்றாள்.

சின்னத்தாயி அரை மணியில் கிளம்பிவிட்டாள். எல்லையில் இறங்கி நடந்தபோது, லேமினேட் பண்ணிய சான்றிதழை இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொண்டு போனாள். அங்கே உட்கார்ந்திருந்தவர் ஏறெடுத்துப் பார்த்து, "போங்க போங்க" என்றார். காகிதத்தைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குள் அவள் போகவில்லை. வெளியே எதிர்க் கடையோரம் நின்றாள். மறுநாள் விடிந்ததும் பெண் குழந்தை பிறந்தது. கோகுல்நாத் ஓடிவந்து, "வாங்கத்தை, வந்து பாருங்க" என்று கையைப் பிடிக்க வந்தார். அவள் நாலடி பின்னால் நகர்ந்தாள். நெய் ஊற்றிய ரசத்தையும் பத்தியச் சோற்றையும் வீட்டில் வைத்துக் கொடுக்கவும் பயம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எட்ட நின்று பக்குவம் சொல்லிச் சமைக்க வைத்து அனுப்பினாள். தங்கியது மாப்பிள்ளையின் தோட்டத்து மோட்டார் அறையில்.

யோகப்பிரியா போனில் கொதித்துப் போனாள். "பெத்த தாயி எட்டி நின்னு வேடிக்கை பாக்கறாளேன்னு ஆஸ்பத்திரியே கேக்குது. எம்மேல என்ன கோவம் உனக்கு?"

அன்று சின்னத்தாயி மகளிடம் மாமன் நஞ்சப்பனைப் பற்றிச் சொன்னாள். தூக்குப்போசி, தீய்ந்த பால், வாயைத் துடைத்துவிட்டது, எல்லாம். மகள் அழுத குழந்தையைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு, "எப்பம்மா முடியுது உன்ற பதினாலு நாளு?" என்று மட்டும் கேட்டாள்.

இருபத்து நாலு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழந்தையோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சின்னத்தாயி வாசலில், படிக்குக் கீழே நிற்கிறாள். யோகப்பிரியா நிலைப்படிக்கு மேலே. சிறிய துணிப்பொட்டலத்தை முன்னால் நீட்டி, "இன்னையோட பதினாலு. வாங்கிக்கம்மா" என்கிறாள்.

சின்னத்தாயி கையை நீட்டினாள். பாதியில் நிறுத்தினாள். இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

என் போன் அடித்தது.

"ஏனுங்க சார், நீங்கதானே எல்லா அறிவிப்பும் எழுதறீங்க. ஊசி போட்ட நாளச் சேத்தி எண்ணோணுங்களா, சேக்காமயா? சேத்துனா இன்னைக்கு முடியுது. சேக்காட்டி நாளைக்கு."

அத்தனை அறிவிப்புகளையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். பதினாலு நாள் என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. எங்கிருந்து எண்ணுவது என்று எதிலும் இல்லை. ஜோபியின் போன் எடுக்கப்படவில்லை. மெமோவுக்கு விளக்கம் கொடுக்க மாவட்டத்துக்குப் போயிருக்கிறார். பதினாலு என்பதே ஒரு தோராயம்தான், பதிமூன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவே வேலி ஒன்றுமில்லை என்று அவளிடம் சொல்லலாம். சொல்கிற தகுதி பதினொன்றாம் பக்கத்தை எழுதியவனுக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஆகவே இந்த முறை நான் ஒன்றும் எழுதிவிடப் போவதில்லை. போனை உங்கள் பக்கம் திருப்பிப் பிடித்திருக்கிறேன். அங்கே குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது, மகளுக்குக் கை வலிக்கிறது, அவள் காத்திருக்கிறாள். சொல்லுங்கள். சேர்த்தா, சேர்க்காமலா?